வெட்டிய கடைசிப் பத்தி

செவ்வாய், இரவு.

1. கடைசிப் பத்தியை வெட்டியது.
2. வள்ளியூர் அம்மாவின் போன்.
3. அவரிடம் உண்மையைச் சொன்னது.

நேற்று எங்கள் நாளிதழில் கல்லாறு வெள்ளச் செய்தி பக்கத்தில் அடங்கவில்லை. வழக்கம்போல் கீழிருந்து வெட்டினேன். "ஹோட்டல் தொழிலாளர் இருவரைக் காணவில்லை" என்ற தலைப்பு நின்றது. மீட்கப்பட்டவர்களின் பெயர்கள் போய்விட்டன.

இன்று அந்த அம்மா ஆபீசுக்கு அழைத்தார்.

"எம்புள்ள முருகன் அங்கதான் வேலை பாக்கான் சார். இருவது வயசு. போன எடுக்க மாட்டேங்கான்."

வெட்டிய பத்தியில் முருகன் என்று படித்த ஞாபகம். "காப்பாத்திட்டாங்கம்மா" என்றேன்.

"நீங்க நல்லாருக்கணும் சாமி" என்று அழுதார்.

பிறகுதான் நிருபர் அனுப்பிய மூலத்தைத் திறந்தேன். முருகன், வயது ஐம்பத்திரண்டு. மீட்கப்பட்டவர்களில் வேறு முருகன் இல்லை.

அந்த அம்மாவின் எண்ணை எழுதிய சீட்டு வலியசாலை வீடுவரை என் பையில் வந்துவிட்டது. இன்னும் அழைக்கவில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.