கூரைக்குக் கீழே இன்னொரு கூரை

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தைகளும் நலம்தானே? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதமானால் உன் மீட்டிங் முடியும்வரை மேஜையில் பொறுமையாகக் கிடக்கும்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் பிரசவ வார்டில் வேலை ஆரம்பித்துவிட்டது. ஆறு வருஷமாக மனு மேல் மனு போட்டு, இப்போதுதான் மாநில அரசின் கட்டடப் பழுதுபார்ப்பு நிதி கண்ணைத் திறந்திருக்கிறது. வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். புதுத் தரை, புதுக் கழிவறை, சுவருக்குப் பூச்சு, தலைக்கு மேல் வெள்ளைப் பலகையில் ஃபால்ஸ் சீலிங். மழை பெய்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைத்த காலம் போயிற்று என்று ஆயாக்கள் குதிக்கிறார்கள். எஸ்டிமேட் போட்ட இன்ஜினியர் ஹெட் நர்சின் தம்பி என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். கொஞ்ச நாளாக எனக்கு நடையே மாறிவிட்டது என்று மாமா கேலி செய்கிறார்.

ஆனால் இந்த வேலைக்கு வந்திருக்கும் மேஸ்திரியைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பேச மாட்டான். கையில் எப்போதும் ஒரு சுத்தியல். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏணியைப் போட்டு ஏறி, மேற்கூரையை டொக் டொக்கென்று தட்டுகிறான். ஆயாக்கள் அவனுக்கு 'டொக்கு மேஸ்திரி' என்று பேரே வைத்துவிட்டார்கள். அங்கங்கே சாக்கட்டியால் வட்டம் போடுகிறான். கான்ட்ராக்டர் வண்டிச் சத்தம் கேட்டால் ஈரத்துணியால் அவசர அவசரமாக அழிக்கிறான். நேற்று எதையோ செய்தித்தாளில் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். பழைய பித்தளைக் குழாய்களைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருக்கிறோம். இவன் கை அங்கேதான் நீளுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது வருஷம் வார்டில் நின்றவள், திருட்டு முழி எது என்று எனக்குத் தெரியாதா? நாளை அவன் பையைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

நீ கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி ஆளை மாற்றச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதம் கைக்கு வந்திருக்கும். அதில் மேஸ்திரியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நான் சந்தேகப்பட வேண்டிய ஆள் அவன் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் வாசல் கேட் அருகே அவனை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னேன். மறுக்காமல் திறந்தான். செய்தித்தாளுக்குள் ஒரு சாண் இரும்புக் கம்பி. தொட்டதும் பொருக்குப் பொருக்காக என் விரலில் உதிர்ந்தது.

"திருடலைம்மா. உங்க வார்டு கூரைக்குள்ள இருந்த கம்பி இது. முதலாளிகிட்ட காட்டினேன். 'உனக்குப் பூசற வேலை, பூசிட்டுப் போ'ன்னாரு. வேற யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டறதுன்னு தெரியாம பையிலயே வச்சிக்கிட்டுத் திரியறேன்" என்றான். அதுவரை அவன் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என்னை ஏணியில் ஏற்றினான். இந்த வயதில், இந்த உடம்போடு, கீழே இரண்டு ஆயாக்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஏறினேன். சுத்தியலை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னான். ஓரங்களில் கல்லைத் தட்டியதுபோலக் கெட்டியாக 'டங்' என்றது. நடுவில் தட்டினால், வீங்கிய வயிற்றைத் தட்டுகிற மாதிரி 'பொத்' என்றது. நோயாளிகளின் நெஞ்சிலும் முதுகிலும் டாக்டர்கள் தட்டிப் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். உள்ளே சரியில்லை என்பது எனக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் போட்ட வட்டங்கள் பதினொன்று. அதில் நான்கு, பிரசவம் முடிந்த பெண்கள் படுக்கும் கட்டில்களுக்கு நேர் மேலே.

அப்படியானால் ஃபால்ஸ் சீலிங் எதற்கு என்று கேட்டேன். "மூடத்தாம்மா. பலகை போட்டுட்டா சத்தமும் கேக்காது, விரிசலும் தெரியாது. மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ, விழறப்ப பலகையையும் சேத்துக்கிட்டு விழும்" என்றான்.

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், இப்ப கூரை சரியில்லைன்னு எழுதினா வந்த நிதி அப்படியே திரும்பிப் போயிடும். மறுபடி ஆறு வருஷம் யார் அலையறது? முதல்ல இதை முடிச்சு வாங்கிப்போம், கூரைக்குத் தனியா எழுதுவோம்" என்றாள். நான் விடவில்லை. கூரையைப் பார்த்த இன்ஜினியர் என்னதான் எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். கேட்கும்போது அது நீதான் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது, தம்பி. அவள் ஃபைலைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

'மேல்தளத்தின் மீது ஏறி நேரில் ஆய்வு செய்தேன். தளம் நல்ல நிலையில் உள்ளது.' கீழே உன் கையெழுத்து. பக்கத்தில் தேதி.

அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று நீ ஆஸ்பத்திரிக்கு வந்து மொட்டைமாடிச் சாவி கேட்டாய். முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிடு, மாடி எங்கே ஓடிவிடப் போகிறது என்று இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். சாப்பிட்டதும் சோபாவில் தூங்கிப்போனாய். ஐந்து மணிக்கு எழுந்து, "மேல பார்க்க என்னக்கா இருக்கு, உங்க பில்டிங் எனக்குத் தெரியாததா" என்று கிளம்பிவிட்டாய். மாடிச் சாவி அன்று முழுவதும் என் கைப்பையில் இருந்தது. பிள்ளை நன்றாகத் தூங்கினான் என்று சந்தோஷப்பட்டேனே ஒழிய, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இதில் எனக்கும் பங்குண்டு. அதை மறைக்கவில்லை.

அசதியில் செய்த தவறு என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டுதான் வெளியே வந்தேன். வராந்தாவில் கான்ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தார். விஷயம் காதுக்கு எட்டிவிட்டது போலும். ஒரே சிரிப்பு, ஒரே மரியாதை. "சிஸ்டரம்மா, நீங்க எதுக்கு வீணா மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க? உங்க தம்பி வீட்டு ஹால்ல நாங்க போட்டுக்குடுத்த சீலிங்கைப் பாத்திருப்பீங்களே? அதே போர்டுதான் இங்கயும். தம்பிக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு தர்றேன்" என்றார்.

'போட்டுக்குடுத்த' என்று சொன்னார். நான் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். ஹாலில் கூரைக்குள் விளக்கு ஒளித்துவைத்த அழகை உன் வீட்டுக்காரி போனில் அரை மணி நேரம் சொன்னாள். யார் போட்டது, எப்படிப் போட்டது என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று நூறு கேள்வி வருகிறது. எதையும் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை.

வார்டைக் காலி செய்துவிட்டேன். ஒன்பது தாய்மாரையும் பிள்ளைகளையும் கீழே வெளிநோயாளிகள் ஹாலுக்கு இறக்கிவிட்டோம். யார் உத்தரவு என்று பெரிய டாக்டர் கத்தினாள். என் உத்தரவு என்றேன். வேலை முடிந்ததும் வார்டைப் பெற்றுக்கொண்டதாக நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் தலைமை இன்ஜினியருக்கு ஒரு மனுவும் எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். மூன்று நாள் இருக்கிறது. ஒருதரம் வந்து உன் கையால் தட்டிப் பார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும்.

மிரட்டுவதாக நினைக்காதே. உன் கோபத்தை நான் பிறகு தாங்கிக்கொள்கிறேன்.

உன்
அக்கா


பதினைந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்துபோனதை மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மாமாவை முழங்காலுக்கு ஊசி போட அழைத்துப் போயிருந்தேன். நீ காலையிலேயே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாயாம். இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் தட்டினாயாம். நான்கு இடத்தில் பூச்சை உடைக்கச் சொல்லிப் படம் எடுத்தாயாம். பிறகு ஒரு காலிக் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாயாம். "'அக்கா எப்ப வருவாங்க'ன்னு கேட்டாரும்மா. சாயங்காலம்னு சொன்னேன், அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு" என்றான் மேஸ்திரி.

நீ எழுதிய அறிக்கையைப் பெரிய டாக்டர் எனக்குக் காட்டினாள். 'முந்தைய ஆய்வின்போது நான் மேல்தளத்தில் ஏறவில்லை' என்ற வரியை உன் கையெழுத்தில் இரண்டு தடவை படித்தேன். இப்படி ஒரு வரியை எழுத எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் மனு டிராயரிலேயே கிடக்கிறது. அதற்கு இனி வேலையில்லை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறிக் கட்டைவிரலால் அழுத்தினார், கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து ஏணிக்கு அடியில் விழுந்தது. அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. சீலிங் வேலை நின்றது, பலகைகளை லாரியில் திருப்பி ஏற்றினார்கள். மேல்தளத்தை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று முடிவாகி, கூடுதல் நிதி கேட்டு ஃபைல் போயிருக்கிறது. எப்போது வரும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவரை ஹாலில்தான் பிரசவம். இடம் போதவில்லை என்று நோயாளிகளோடு வருகிறவர்கள் என்னைத்தான் ஏசுகிறார்கள். பெரிய டாக்டர் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேஸ்திரியைக் கான்ட்ராக்டர் விரட்டிவிட்டார். வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். தம்பியை மாட்டிவிட்ட அக்கா என்று ஒரு பக்கம், தம்பியோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறாள் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஊசி போடுகிறேன்.

உன் வீட்டுக்காரி போன் செய்தாள். உனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருப்பதாகவும், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். அழுதாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும். ஹால் சீலிங்கைப் பற்றி அவளே ஏதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். காலை பதினோரு மணிக்கு அடுப்பில் என்ன பால், தம்பி?

எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வருகிற இருபதாம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லி. மூன்று விஷயம் கேட்பார்களாம். அந்த நாளில் இன்ஜினியர் மாடிக்குப் போனாரா என்பது முதலாவது. சாவி யாரிடம் இருந்தது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடந்ததைச் சொல்வேன், உன்னை வீட்டுக்கு இழுத்துப் போனதையும் சேர்த்து. மூன்றாவது, இன்ஜினியருக்கும் கான்ட்ராக்டருக்கும் வேறு ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா, அதைப்பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்பது.

அந்த மூன்றாவதால்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வராந்தாவில் கேட்டது காதில் இருக்கிறது. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். சிலசமயம் எல்லாம் வெறும் பேச்சு, அந்த ஆள் என்னை மடக்கத்தான் அப்படிச் சொன்னான், நீ உன் சம்பளத்தில் கட்டிய கூரைதான் அது என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, அப்படியானால் நீ ஏன் என்னைப் பார்க்காமல் போனாய் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள் வா. இந்தத் தடவை நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா. மாமாவை வெளியே அனுப்பிவிடுகிறேன். எதுவாக இருந்தாலும் உன் வாயால் முதலில் நான் கேட்டுவிட வேண்டும். அதன்பிறகு அந்த அறையில் யார் எதைச் சொன்னாலும் உன் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், தம்பி. கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
அக்கா