மாரம்மா நிற்கும் படம்

கிருஷ்ணகிரி,
18-11-1956

தங்கை சரோஜாவுக்கு, அண்ணன் சென்னகிருஷ்ணன் ஆசியோடு எழுதுவது.

அம்மாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது. உங்கள் பேரிகை ஊர்ப் பக்கம் மழை பிந்திவிட்டதாகக் கேள்வி. கடலை வரத்து எப்படி என்று விசாரிக்கப் போவதில்லை. அது இனி உங்கள் மில், உங்கள் கவலை.

உன் பெயருக்கு வந்திருக்கும் சம்மன் என் வேலைதான். வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம். கடலை உடைக்கும் மிஷினின் பெல்ட்டில் வலது கை விரல்களை இழந்த மாரம்மாவுக்காக, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி மனு எழுதிக் கொடுத்தவன் நான். இரக்கப்பட்டு எழுதினேன் என்று நினைத்துவிடாதே. அந்த மில்லை உன் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து தொடங்கினோம். பதிவாகாத கூட்டு என்பதால், என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி எந்தக் கோர்ட்டும் சொல்லாது. அந்தத் தைரியத்தில்தான் அவர் என்னை வெளியே தள்ளினார். போதாததற்குச் சந்தையில் நாலு பேர் முன்னால், படித்த மச்சானுக்கு மில் எதற்கு, தாலுகா கச்சேரி மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கட்டும் என்றார். முதல் மனுவை எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல்.

வருமான வரிக்குப் பயந்து மில்லை அவர் உன் பெயருக்கு மாற்றியிருப்பது வக்கீல் யேசுராஜ் சொல்லித்தான் தெரிந்தது. முதலாளி என்ற இடத்தில் தங்கை பெயரைப் போட வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் சார் என்றார். வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து, போடுங்கள் என்றேன். இதை நீ இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது.

விசாரணையில் உன்னை என்ன சொல்லச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மாரம்மா மாலூர் வியாபாரியோடு மைசூர் எல்லையைத் தாண்டி வந்த கூலி, எங்கள் ஆள் இல்லை என்பார். பத்துப் பேரானால் பிடித்துக்கொள்ளும் தொழிற்சாலைச் சட்டத்துக்குத் தப்ப ஒன்பது பேருக்கு மேல் பதிவில் காட்டாதவர், அவள் பெயரையா எழுதியிருப்பார்? ஆனால் ஆயுத பூஜைக்கு மில் ஆட்கள் அத்தனை பேரையும் மிஷின் முன் நிறுத்திப் படம் பிடிப்பது அவர் வழக்கம். அதில் வெளியாள் நிற்கக் கூடாது. போன வருஷம் ஓரமாய் நின்ற வண்டிக்காரனை, நீ என்ன என் மில் ஆளா என்று விரட்டியதை நீயும் பார்த்தாய். அதே படத்தில் மாரம்மா முறத்தோடு முன்வரிசையில் நிற்கிறாள். அவளுக்குச் சந்தனம் வைத்தவள் நீ. பெருமையாய் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அது இப்போது வக்கீலிடம் இருக்கிறது.

சத்தியம் செய்துவிட்டு, அவள் எங்கள் ஆள் இல்லை என்று நீ சொன்னால் படத்தைக் காட்டச் சொல்வேன். நீ தலைகுனிவதைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்ப்பேன். எங்கள் ஆள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் படம் உறையிலேயே கிடக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உனக்கு என்ன நடக்கும் என்பது தெரியாதவன் அல்ல நான். விசாரணை முடிந்ததும் கச்சேரியிலிருந்து நேரே இங்கே வந்துவிடு. அம்மா அறையில் உனக்குக் கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி மட்டும் எழுதாதே.

தீர்க்க சுமங்கலியாக இரு. வழக்கத்துக்காக எழுதவில்லை. அவர் நெடுங்காலம் இருக்க வேண்டும். மாரம்மா இடது கையால் காய் பொறுக்குவதை வாராவாரம் சந்தையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
சென்னகிருஷ்ணன்