வாலு பக்கத்துப் பெடல்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். உன் கணுக்காலைப் பற்றிக் கேட்டால் "இருக்கு" என்று மட்டும் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வருவதற்குள் ஆறிப்போகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை ஊரின் அந்தக் கோடிக்கு மாறிவிட்டது. லென்ஸ் தேய்க்கும் மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான்தான் தினம் இரண்டு பஸ் மாறுகிறேன். இரண்டாவது பஸ் தன் இஷ்டத்துக்கு வருகிறது. மொத்தம் ஒன்பது கிலோமீட்டர். உன் சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டுமா? நீ விழுந்த அன்று உன் கூரியர் ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து சாத்தியது, மூன்று வருஷமாகப் படிக்கட்டுக்கு அடியில் போர்வைக்குள் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. நான் ஏன் தொடவில்லை என்று உனக்கே தெரியும்.

மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடியாத சைக்கிள் அது என்பது நினைவிருக்கிறது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்ற வேண்டும். அதற்கு என்ன பெடல் நல்லது, என்ன ஷூ நல்லது? கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, அதையும் மனசில் வைத்துச் சொல். கொடுக்க இஷ்டமில்லை என்றால் அதையும் சொல்லிவிடு.

உன் வாலு


ஜூன் 9

அடி வாலு,

சைக்கிளை எடுத்துக்கொள். எனக்கு இப்போது மேஜையும் போனும்தான் வாகனம். எந்தப் பையன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று பார்த்து அனுப்புகிற வேலை. உட்கார்ந்தே உடம்பு பெருத்துவிட்டது.

பெடலைப் பற்றி. ஷூவுக்கு அடியில் கொக்கி வைத்து மாட்டுகிற வகை உனக்கு வேண்டாம். அந்த ஷூவோடு டைல்ஸ் தரையில் நடந்தால் குதிரை வந்தது என்று உங்கள் முதலாளி எழுந்து பார்ப்பார். கம்பிக் கூண்டு வைத்தது பழகியவர்களுக்குச் சரி. புதுசாக ஓட்டுகிறவள் சிக்னலில் காலை உருவத் தெரியாமல் அப்படியே சாய்வாள். அகலமான தட்டைப் பெடல் வாங்கு. மேலே குறுக்காக ஒரு அகலப் பட்டை போட்டுக்கொள். இறக்கத்தில் கால் நழுவினால் பெடல் நிற்காது, திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போடும். அதைத் தடுக்கத்தான் பட்டை. முன் பிரேக்கையும் கழற்றாதே. பிரேக் இல்லாமல் ஓட்டுவதுதான் கெத்து என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதே.

ஷூவுக்கு அடிப்பாகம் கெட்டியாக, வளையாமல் இருக்க வேண்டும். லேஸ் வேண்டாம், ஒட்டுகிற பட்டை வைத்தது வாங்கு. லேஸ் வைத்தது அழகாக இருக்கும், வாங்காதே. லேஸை உள்ளே செருகிக்கொள்கிறேன் என்று நினைப்பாய், அதுவும் வேண்டாம்.

பெடலை மாட்டும் வேலையைக் கடையில் கொடுத்துவிடு. நீயே செய்யாதே.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

பெடல் வாங்கிவிட்டேன். ஷூ கடையில் கருநீலத்தில் ஒன்று, அடிப்பாகம் பலகை மாதிரி, என் காலுக்கென்றே தைத்தது போல் இருந்தது. லேஸ் வைத்தது. கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஒரே கடிதத்தில் மூன்று தடவை லேஸைத் திட்டியிருக்கிறாய். லேஸ் உனக்கு என்ன பாவம் செய்தது?

"நீயே செய்யாதே" என்று எழுதியிருந்தாய். அது எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான், இருந்தாலும் சுருக்கென்றது. நீ விழுந்த அன்றைக்குக் காலையில் உன் பெடலை முறுக்கியவள் நான்தானே.

நமக்கு எப்போதும் இடது வலது கிடையாது. செயின் இருக்கிற பக்கம் அக்கா பக்கம், நான் நின்று பிடித்துக்கொள்கிற பக்கம் வாலு பக்கம். வாலு பக்கத்துத் திருகு மரை தலைகீழ், எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாய்! அன்றைக்குக் கடைசியாக அரைச் சுற்று எந்தப் பக்கம் திருப்பினேன்? மூன்று வருஷமாக யோசிக்கிறேன், நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறந்து, "உன் பக்கத்துப் பெடல் கழண்டுடுச்சுடி"ன்னு சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. உன் காலில் இருக்கிற இரும்புத் தகட்டுக்கு நான்தான் காரணம். அதற்காக நீ என்னை ஒருநாளும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வாலு


ஜூன் 19

வாலு,

பழசை ஏன் கிளறுகிறாய்? சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போ. பழைய பெடலைத் தூக்கிப் போடச் சொல், வீட்டுக்குக் கொண்டுவராதே. ஷூ, பட்டை வைத்தது.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. நானே செய்துவிட்டேன்.

பயந்துகொண்டே இருந்தால் எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை போர்வையை எடுத்தேன். சைக்கிள் முழுக்கத் தூசி, டயரில் காற்றில்லை, மற்றபடி திடமாக இருக்கிறது. ஸ்பேனரைப் பின் சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இரண்டு பக்கமும் கழலும் என்பாயே, அப்படியே செய்தேன். அக்கா பக்கம் சுலபமாக வந்துவிட்டது. வாலு பக்கம் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். கடைசியில் பக்கத்து வீட்டு பிளம்பர் நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி அழுத்தினார். "இதை யாரு மாட்டினாங்க? நல்லா உயிரைக் கொடுத்து முறுக்கியிருக்காங்களே"ன்னு கேட்டார்.

கழன்று விழுந்த பெடல் எப்படி அவ்வளவு இறுக்கமாக இருக்கும்? ஆபீஸ்காரர்கள் திரும்ப மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பெடலின் அச்சில் ஏதோ சுற்றியிருப்பதைப் பார்த்தேன். பிளேடால் அறுத்து எடுத்தேன். மஞ்சள் லேஸ். ஒரு முனை கத்தரியால் வெட்டியது போல் இருக்கிறது.

உன் பழைய ஷூவில் மஞ்சள் லேஸ்தான். அம்மா தினமும் வாசலில் நின்று "அதை உள்ள விடுடி, உள்ள விடுடி"ன்னு கத்துவாங்களே.

அக்கா, நான் எதையும் முடிவு செய்யவில்லை. கேட்கிறேன். என் பக்கம் கழன்றதா, இல்லையா?

வாலு


ஜூலை 8

வாலு,

கழலவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அன்று காலை தாமதம், லேஸை உள்ளே விடவில்லை. திருப்பத்தில் அது பெடல் அச்சில் சுற்றிக்கொண்டது. வேறு சைக்கிளாக இருந்தால் மிதிப்பதை நிறுத்தியிருப்பேன். இதில் நிறுத்த முடியாதே. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் இறுகி, காலை இழுத்து என்னைக் கீழே போட்டுவிட்டது. மருந்துக் கடைக்காரர் கத்தரியோடு ஓடிவந்து லேஸை வெட்டித்தான் காலை விடுவித்தார்.

புதுசாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் "முதலில் லேஸைப் பார்" என்று பாடம் எடுத்தவள் நான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் உன் பக்கத்துப் பெடல் வந்துவிட்டது. மயக்கத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு மயக்கம் தெளிந்த பிறகும் நீ அழுதாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் மாற்றல் கேட்டு இந்த ஊருக்கு வந்துவிட்டேன். போனில் உன் குரல் கேட்டாலே குற்ற உணர்ச்சி குத்தும்; நானே ஏதாவது சொல்லிச் சண்டையை ஆரம்பித்து வைத்துவிடுவேன். பழைய பெடலைத் தூக்கிப் போடச் சொன்னது எதற்கென்று உனக்கே இப்போது புரியும்.

நீ அன்று சரியாகத்தான் முறுக்கினாய். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

உன் கடிதத்தை மெஷின் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அன்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்தேன். இந்தக் கடையில் நான் கெடுத்த முதல் லென்ஸ்.

எங்கள் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். "இந்தப் பொண்ணு ஃப்ரேம்ல ஒரு ஸ்க்ரூ போட்டா மூணு தடவை பார்க்கும்"னு. எதனால் மூன்று தடவை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. காஸ் மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, எத்தனையோ தடவை. எனக்கு உன்மேல் பயங்கரக் கோபம். இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டது போல எழுதவும் வரவில்லை.

நேற்று முதல் தடவையாகக் கடைக்கு சைக்கிளில் போனேன். தட்டைப் பெடல், அகலப் பட்டை, ஒட்டுகிற ஷூ. நீ சொன்ன எல்லாமே சரி. பாலத்து இறக்கத்தில் கால் தானாகச் சுற்றியது, நழுவவில்லை. இரண்டு பெடலையும் நான்தான் முறுக்கினேன். கிளம்பும்போது ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

இனிமேல் கடிதம் எழுதாதே. கடிதத்தில் சண்டை போட்டால் ஆறிப்போகும் என்று நான்தான் எழுதினேன். இது ஆறிப்போக வேண்டாம். ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன். போன் செய். இரண்டாவது நிமிஷம் சண்டை வரும். மூன்றாவது நிமிஷம் போனை வைக்காதே.

வாலு