சனிக்கிழமை வாங்கிய இரும்பு

கரியும் நெருப்புமாய் வாழ்ந்த என் அன்பான அத்தானுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் பிள்ளைகளும் அதே தோட்டத்து லயத்தில், அந்த வரிசையில் அதே அறையில்தான் இருக்கிறார்கள். இனியும் இருப்பார்கள். நீங்கள் அங்கே எதைத் தட்டிக்கொண்டிருந்தாலும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த அறை தோட்டத்துக் கொல்லனுக்கு உரியது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தெமோதரையில் ரயில் பாதை வேலை செய்யும் ஒருவனைக் கொண்டுவரப் போவதாகவும் பேச்சு. நான் துரையின் முன்னால் போய் நின்றேன். "இத்தன நாளு அத்தானுக்குச் சம்மட்டி அடிச்சவன் நானுங்க. ஒரு வேல குடுத்துப் பாருங்க" என்று கேட்டேன்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பாரம் தூக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தது. புதுக் கண்ணி செய்து பற்றவைக்க வேண்டும். வேலை ஓய்ந்திருக்கும் ஞாயிறு காலையில் பாரம் ஏற்றிப் பார்ப்பார்கள். தாங்கினால் வேலையும் அறையும் நமக்கு. அறுந்தால் அக்கா எங்கே போவாள்?

நெருப்பின் நிறம் எனக்குத் தெரியும், உங்களோடு நின்று பார்த்ததுதானே. ஆனால் இரும்பு வாங்க ஒரு நாளாவது என்னைக் கூட்டிப்போனீர்களா? பசறைக்குத் தனியாகப் போவீர்கள், தோளில் கம்பியோடு வருவீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காக விட்டுவிட மாட்டேன்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாதே, அதனால் வெள்ளி சாயங்காலமே பசறைக்கு ஓடினேன். பழைய இரும்பு விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் ஒரே கூட்டம். என்னைப் போலச் சனிக்கு முந்திக்கொள்ள வந்தவர்கள்தான் எல்லோரும். மேலே கிடந்த தடித்த கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழைய கொதிகலனின் அடுப்புக் கம்பி அது. காலமெல்லாம் நெருப்பில் கிடந்ததாயிற்றே, என் உலைக்கு அசையுமா என்று பெருமை வேறு. மறுநாள் காலை நன்றாகக் காய்ச்சி ஒரு அடி போட்டேன். காய்ந்த வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்துபோயிற்று. வார்ப்பு இரும்பு, அத்தான். வளையவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது.

அக்கா பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயி வேற வாங்கிட்டு வா" என்றாள்.

"இன்னைக்குச் சனிக்கெழம. வீட்டுக்கு ஆகாதுன்னு நீதானே சொல்லுவ?"

"வீடு இருந்தாத்தானேடா ஆகுறதும் ஆகாததும்? சனீஸ்வரன்கிட்ட நான் பேசிக்கிறேன். வாங்குறதுக்கு முன்னாடி முனைய வளைச்சுப் பாரு. உங்க அத்தான் வளைக்காம வாங்க மாட்டாரு."

மனைவியிடம் சொன்னதை என்னிடமும் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கடை வெறிச்சோடிக் கிடந்தது. நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சனிக்கெழமயில இரும்புக்கு ஆளா? வேற யாரும் வரப்போறதில்ல தம்பி. குவியல முழுசாக் கலைச்சுப் பாருங்க" என்றார். அடியிலிருந்து பழைய இரும்புக் கேட்டின் கம்பி ஒன்று கிடைத்தது. துருவேறி, பார்க்கச் சகிக்கவில்லை. கல்லில் வைத்துத் தட்டினேன். வெடிக்காமல், முறியாமல், சொன்னபடி வளைந்தது.

அன்று மாலை அக்காதான் துருத்தி ஊதினாள். கண்ணியாக வளைத்த கம்பி சிவந்ததும் ஒட்டுவதற்கு வெங்காரத்தைத் தூவி, வெள்ளையாகிப் பொறி விட்டதும் அடித்தேன். இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டன.

ஞாயிறு காலை பாரம் மேலே போகும்போது நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சங்கிலி கிறீச்சிட்டது, ஆனால் அறுந்த சத்தம் வரவில்லை. துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர்தான் தோளைத் தட்டினார். "நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள்கணக்கு எடுக்குறப்ப ஒன்னையக் கொல்லன்னு பேரு சொல்லிக் கூப்புடுவாங்கப்பா" என்றார். எனக்கு உயிர் வந்தது.

லயத்துக்கு ஓடினேன். அங்கே அக்கா, எனக்குத் தெரியாமல், சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தாள். அம்மிக்கல்லைக்கூடச் சாக்கில் சுற்றியிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சாக்கை அவிழ்த்து, அம்மியை இருந்த இடத்தில் வைத்து, மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகாய்க் காரம் என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அந்த அம்மி இனி அங்கிருந்து நகராது, அத்தான். அதற்கு நான் பொறுப்பு.

என்றும் உங்கள் மச்சினன்,
முத்தையா,
தோட்டத்துக் கொல்லன்.