ஒரு நாள் முன்னால்

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். ஆபரேஷன் வயிற்றில், வலி வலது தோளில். வயிற்றுக்குள் ஏற்றிய வாயு மேலே போய்த் தோளைக் குத்துமாம், நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். மாமி நம்பவில்லை. "ஏடாகூடமாப் படுத்திருப்ப" என்று வெந்நீர்ப் பை வைத்துவிட்டார்.

நியாஸ் கதவோரம் நின்றார். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்கப் பேசியது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14, புதன்

இருமினால் தையல் இழுக்கிறது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுகிறேன்.

கர்ப்பம் என்றே எனக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போவது எனக்கு வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து — இருந்தது தெரிந்ததும் இல்லாமல் போனது தெரிந்ததும் ஒரே நேரத்தில்.

ஆகஸ்ட் 15

தெருவில் பிள்ளைகள் கொடி குத்திக்கொண்டு போகிறார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, சனி

எழுதிவிட வேண்டும். போன வாரம் புதன்கிழமை கீழ்வயிறு பிடுங்கியது. டாக்டரிடம் போகலாமா என்று நியாஸிடம் கேட்டேன். அவர் கடையில் பெரிய பிரியாணி ஆர்டர். "கேஸா இருக்கும், மஹ்ஜபீன். காலையில மொத வேலையாப் போவோம்" என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். விடியும் முன் குளியலறையில் விழுந்தேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சொன்னேன்: "நேத்தே வந்திருந்தா பிள்ளை இருந்திருக்கும். நீங்கதான் கொன்னீங்க."

அவரைப் பெற்ற மாமி முன்னால். நியாஸின் தம்பி இஷாக் முன்னால். ஏன்டி சொன்ன என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வலியில வந்துருச்சுன்னு சொன்னா ஆச்சா?

ஆகஸ்ட் 21, புதன்

தையல் பிரித்தார்கள். நியாஸ் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரிடம் கேட்டேன்: ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்?

"குழாயில தங்குனத எப்ப வந்தாலும் காப்பாத்த முடியாதும்மா. முந்தின நாள் வந்திருந்தாலும் ஆபரேஷன்தான். ரத்தம் ஏத்தாமத் தப்பிச்சிருக்கலாம், அம்புட்டுதான்."

திரும்பும்போது ஆட்டோவில் நியாஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. பழி அவர் மேலேயே இருக்கட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்தது. சீ, என்ன மனசு இது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடையிலயும் சாப்புடுறதில்லையாம், இஷாக் சொல்றான். நீ சொன்ன வார்த்த அவன அறுக்குது. உன்னக் குத்தம் சொல்லலம்மா. ஆனா நீதான் அத எடுத்துவிடணும்."

ஆகஸ்ட் 24

நியாஸிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே. "நான் அப்படிப் பேசுனது தப்பு மச்சான்" என்றேன்.

 "அப்ப ரத்தம் ஏத்துனது?" என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. "முன்னாடியே போயிருந்தா அது வேணாமா இருந்திருக்கும்."

"அது என் தப்புதான்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுந்திருக்கும்போது மட்டும் வலிக்கிறது. காலையில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தவர், கையை விடாமலே கேட்டார்: "பொம்பளப் பிள்ளையா இருந்திருக்குமோ?"

இத்தனை நாளில் இந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தெரியல மச்சான்."

அவர் அழுது இன்றுதான் பார்த்தேன். பிறகு நானும். டீ கொண்டு வந்த மாமி, கதவுவரை வந்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.