மகாராணியின் செருப்பு

அன்புள்ள அக்கா,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாளே சொர்க்கத்தைக் கூட்டிப் பெருக்கி, சித்ரகுப்தனை வாசலில் உட்காரவைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இப்போது நான் சொல்லப்போவதை மூவுலகிலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. பெருமாள் கோயில் தங்கப் பல்லியின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். போதாதென்றால் பக்கத்திலிருக்கும் வெள்ளிப் பல்லியையும் தொடுகிறேன்.

உன் மகள் நிவேதா மேல்படிப்புக்குப் போகிறாள். மருத்துவமனை நிர்வாகம். எம்.எச்.ஏ. என்கிறார்கள். மூன்று வருடமாக நம்மூர் நர்சிங் ஹோம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, "டாக்டர் எப்போ வருவாரு?" என்ற ஒரே கேள்விக்கு ஆயிரம் கோடி தடவை பதில் சொன்னவள், ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊசி போடமாட்டே, ஆபரேஷன் பண்ணமாட்டே, அப்புறம் இன்னாதாம்மா பண்ணுவே?" என்றேன்.

"எந்தக் கட்டில் காலியா இருக்குது, யாரு எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்காங்க, யாரு எங்க போவத் தெரியாம முழிக்கிறாங்க, அதெல்லாம் பாக்கணும் மாமா."

"அட, உங்கம்மா வேலை!"

விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய், உன் சொந்த வார்த்தையில் எழுது என்று. சொந்த வார்த்தைக்கா பஞ்சம்? பட்டுச் சேலைக் கடையில் முப்பது வருடமாக நான் விற்பதே அதைத்தானே. உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினேன். 'இவள் பிறந்தபோது அழவில்லை. கண்ணைத் திறந்து, பிரசவ வார்டில் மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று கேட்டாள். மூன்று வயதில் காஞ்சிபுரத்தின் எல்லாக் கொசுக்களையும் வரிசையில் நிறுத்தி...'

"மாமா, இது சேலை இல்ல, விரிச்சுக் காட்டிக்கினே இருக்கிறதுக்கு" என்று அத்தனையையும் அழித்துவிட்டாள். இலக்கியத்துக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

பிறகு பேனாவை மூடி வைத்தாள். "அம்மாவ சேத்த அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு? ஒரு தடவ சரியா சொல்லு" என்றாள்.

அக்கா, அந்தக் கதையை அவளுக்கு எட்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். உனக்கு மூச்சு வாங்கியதும் நான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்றாய்ப் பறந்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது டாக்டர்கள் வரிசையாக நின்று வணங்கினார்கள். நடுவில் ஒரு மகாராணி பல்லக்கிலிருந்து இறங்கி, தன் தங்கச் செருப்பைக் கழற்றி உன் காலில் மாட்டிவிட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வேன்? அவள் அன்றைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூரில் இருந்தார். நடந்தது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நீயும் நாலாவது நாள் போய்விட்டாய்.

"டாக்டருங்க, பல்லக்கு எல்லாம் வுடு மாமா. அந்தச் செருப்பு? அது மட்டும் நெஜமா? பொய்யின்னா எழுதமாட்டேன்."

என்ன சங்கடம் பார். ஊரறிந்த பொய்யன் நான். எனக்கிருந்த ஒரே சாட்சி நீ.

சொன்னேன். பங்குனி மாத உச்சி வெயில். அவசரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி வந்தோம். சீட்டு போடுவது ஒரு கட்டடம், ஸ்கேன் எடுப்பது எதிர்க் கட்டடம், நடுவே கொதிக்கும் சிமெண்டுத் தரை. ஸ்கேன் எங்கே என்று கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினார்கள். நான் காகிதங்களோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, தரை துடைக்கிற அம்மாள் ஒருத்தி கையிலிருந்த கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, தன் ரப்பர் செருப்பை உன் காலடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். "போட்டுக்கோம்மா. என் காலு மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு" என்றாள். உன் தோளைப் பிடித்து ஸ்கேன் அறை வரைக்கும் வெறுங்காலில் நடந்து வந்தாள். நீ பெஞ்சில் உட்கார்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பேர் கூடக் கேட்கவில்லை நாம்.

நிவேதா பேனாவைத் திறந்தாள். நம்பினாளா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. எழுதினாள், அனுப்பினாள்.

போன மாதம் நேர்முகத் தேர்வுக்குச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். கல்லூரி வேப்பமரத்தடியில் நான் காத்திருக்க, உள்ளே அவள் பேசப்பேச ஏழு பேராசிரியர்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் கண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி என் வேட்டியை நனைத்தது. கல்லூரி மணி தானாக அடித்தது.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் டீ குடித்தோம்.

"நடுவுல இருந்த மேடம் கேட்டாங்க மாமா. 'இது நெஜமா நடந்துச்சா, இல்ல கட்டுரைக்காக எழுதினியா'ன்னு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நீ இன்னா சொன்னே?"

"எங்க மாமா சொன்னது. அவரு பத்து சொன்னா ஒம்போது பொய்யின்னேன்."

"அடிப்பாவி! சீட்டுக்கு உலை வெச்சியே!"

"இரு மாமா. பத்தாவது எதுன்னு எனக்குத் தெரியும்னேன். பொய் சொல்றப்போ, கடையில சேலை விரிக்கிற மாதிரி உன் கை ரெண்டும் பறந்துக்கினே இருக்கும். செருப்பைச் சொன்னப்போ ரெண்டும் மடியிலயே கெடந்துச்சு."

நான் என் கைகளைப் பார்த்தேன். அப்போதும் அவை மடியில்தான் கிடந்தன.

நிர்வாகியானால் முதலில் என்ன செய்வாய் என்றும் கேட்டார்களாம். "வாசல்ல ஒரு ஆள் போடுவேன்னு சொன்னேன் மாமா. உள்ள வர்றவங்க காலைப் பாக்கிற ஆள்."

"அந்த வேலைக்கு என்னை விட்டா யாரு இருக்காங்க?"

"நீ வந்தா பேஷண்டுக்குச் சேலை வித்துருவே."

இடம் கிடைத்துவிட்டது அக்கா. வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. உன் வீட்டுக்காரர் அதை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கடையில் எல்லோருக்கும் நான் மைசூர்பாகு கொடுத்தேன். அமெரிக்கா அவளைக் கேட்டது, நான்தான் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அதில் என்ன தப்பு?

இப்போது உனக்கு ஒரு வாக்கு. அவள் ஒரு மருத்துவமனையை நடத்தும் நாள் வரும். அன்று அதன் வாசலில், எல்லா அளவிலும் செருப்பு அடுக்கிக்கொண்டு நான் நிற்பேன். சம்பளம் வேண்டாம். யாருக்கும் சேலை விற்கமாட்டேன்.

கடைசியாக, பல்லிகள் கோபித்துக்கொள்ளாமலிருக்க உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர்கள் ஏழு பேர் இல்லை, மூன்று பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்தது சாப்பாட்டு வேளைக்கு. பல்லக்கு இல்லை, நாற்பது டாக்டர்கள் இல்லை, நான் உன்னைத் தூக்கவும் இல்லை.

கடை வாசலில் விட்ட செருப்பைப் பார்த்தே, வருகிறவர்கள் பட்டுக்குப் போவார்களா பருத்திக்குப் போவார்களா என்று சொல்லிவிடுகிறவன் நான். அன்றைக்கு அவசரத்தில் நீ வெறுங்காலோடு என் பின்னால் வந்ததை நான் பார்க்கவில்லை. தரை துடைத்த அந்த அம்மாள் பார்த்தாள். இத்தனை பெரிய கதையில் அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம் அக்கா.

கையை மடியில் வைத்துக்கொண்டு,
உன் தம்பி, நிவேதாவின் தாய்மாமன்