எங்கள் வீடு கிழக்கே நகர்ந்த கதை

செப்டம்பர் 29

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீடு கிழக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டது. நாளொன்றுக்கு ஒரு விரல் அகலம். குடியிருப்போர் சட்டி பானைகளைப் பிடித்துக்கொள்ளவும்.

நகர்த்துபவன்: அடியேன்.

தென்துருவத்துக்குப் போகும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஜிபிஎஸ் கருவிகளை வருடம் முழுக்க ஓடும்படி தயார்செய்து கொடுப்பது அம்மாவின் வேலை. குளிர்காலத்தில் அங்கே மாதக்கணக்கில் வெயில் கிடையாது, ஆளும் கிடையாது. பேட்டரியை மட்டும் நம்பி ஒரு பெட்டி தன்னந்தனியாக உட்கார்ந்து, பனிப்பாறை எவ்வளவு நகர்ந்தது என்று தினமும் செயற்கைக்கோள் வழியே சொல்ல வேண்டும். அதற்கு ஒத்திகை எங்கள் மொட்டை மாடியில். சோலார் தகட்டைக் கறுப்புத் துணியால் மூடி அம்மா ‘இருட்டு’ செய்திருக்கிறாள். வீடு எங்கே நகரப்போகிறது? ‘நகரவில்லை’ என்று சொன்னால் பெட்டி பாஸ்.

பள்ளி விட்டு வந்ததும் பெட்டியின் ஆன்டெனா நிற்கும் முக்காலியை மெல்ல ஒரே தள்ளு! சனி, ஞாயிறு அம்மா இருப்பாள் — வீட்டுக்கும் ஓய்வு.

அக்டோபர் 15

அம்மாவோடு வேலை பார்க்கும் பொறியாளர் (நான் வைத்த பெயர் வோல்ட் அண்ணன்) மடிக்கணினியோடு வந்தார்.

“மேடம், உங்க வீடு ஊர்வலம் போகுது.”

சிரிப்பை அடக்க என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“வீடு போகாது. கருவி பொய் சொல்லுது. மாத்தி அனுப்ப வேற பெட்டியும் இல்ல.”

பனிப்பாறை ஆராய்ச்சி செய்யும் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். “அப்ப என் பனிப்பாறை?”



அது அக்காவின் பெட்டியா! எனக்கு எவன் சொன்னான்? நவம்பர் 3 கப்பல். வருடத்துக்கு ஒன்றே ஒன்று. பெட்டி தேறாவிட்டால் கப்பலில் அவள் இடமும் வேறு குழுவுக்குப் போய்விடும். மூணு வருஷமா இதுக்குத்தானே தூக்கம் தொலைச்சா…

சொல்லிடணும். நாளைக்கு.

அக்டோபர் 16

சொல்லவில்லை. தள்ளவும் இல்லை. நிறுத்திவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மூளைடா உனக்கு!

அக்டோபர் 22

மூளையாம், மூளை. நின்றதுதான் இன்னும் மோசம்.

“ஒரே மாதிரி தப்பு பண்ணா கழிச்சுக்கலாம் மேடம். இது ரெண்டு வாரம் ஓடுது, ஒரு வாரம் நிக்குது. யாருமே இல்லாத எடத்துல இதை எப்படி நம்பி விடறது?” என்கிறார் வோல்ட் அண்ணன்.

அம்மா தொலைபேசியில் யாரிடமோ, “வெள்ளிக்கிழமை பெட்டியைக் கப்பல் பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன்” என்றாள்.

அக்கா பையில் அடுக்கிய கம்பளி உடைகளை ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திருப்பி அனுப்பினாள். என்னைத் திட்டினால்கூடத் தேவலை. எதற்குத் திட்டுவாள்? தெரிந்தால்தானே.



அக்டோபர் 24

சொல்லிவிட்டேன்! யாரும் கேட்காமல் நானே அக்காவின் அறைக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. பெரிய மனுஷன்!

அம்மா பட்டியலில் கைவைக்கவில்லை. முக்காலியின் கால்களைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். நான் மாடிப்படி ஏறத் தடை. மிச்சமுள்ள நாட்களில் பெட்டி ‘நகரவில்லை’ என்றே சொன்னால் கப்பல்.

சாமி, நில்லு.

நவம்பர் 3

நின்றது. பெட்டி போனது. அக்காவும்.

“வீட்டைப் பாத்துக்கோடா, எங்கயாவது போயிடப்போகுது” என்றாள் கிளம்பும்போது.

ஜூன் 19

அங்கே சூரியன் மறைந்து வெகுநாளாகிறது. பெட்டியை நட்டுவிட்டு அக்கா எப்போதோ வீடு திரும்பிவிட்டாள். பெட்டி மட்டும் இருட்டில். இன்று காலையும் பேசியது: பேட்டரி பாதிக்கு மேல், பனிப்பாறை ஒரு முழம் நகர்ந்திருக்கிறது. யாரும் தள்ளாமலே! அந்தச் செய்தியைத் தினமும் திறந்து பார்ப்பது எனக்குக் கிடைத்த தண்டனை. இப்போது பிடுங்கினால் அழுதுவிடுவேன்.

அழுகை என்றதும்… அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று பழைய பக்கத்தைப் படித்துவிட்டாள்.

“நெஞ்சை நிமிர்த்தியா? திருத்தி எழுதுடா, திருட்டுப்பயலே!”

திருத்தம்: நான் போகவில்லை. அவள்தான் வீடு நகர்ந்த கணக்கின் வரைபடத்தோடு என் அறைக்கு வந்தாள். படிப்படியாக ஏறும் கோடு, சனி ஞாயிறு மட்டும் சமதளம். “ஸ்கூல் லீவுன்னா பூமிக்கும் லீவாடா?” என்றாள். அவ்வளவுதான். அழுதேன். மூக்கொழுகி வரைபடத்தின் மேலேயே சொட்டியது.

கறையோடு அதை அம்மா அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.